சல்லி வேண்டாம் என்று சொன்னேன்

வீட்டில் ஒரு கோப்பைச் சோற்றை ஆற வைத்து, கறிவேப்பிலையைப் பொறுக்கி, பாதியை ஒதுக்கிவிட்டு எழும்பும் என் மகள், சல்லி என்ற கடற்கரை ஊரில் அந்த ஒரு வீட்டில் மட்டும் ஏன் இரண்டாம் தரமும் கேட்டு வாங்கிச் சாப்பிடுகிறாள்? இன்றுவரை இதற்கு எனக்குப் பதில் தெரியாது. மீன் அதே கடல் மீன்தான். தேங்காய்ப்பால் சொதிக்கு நானும் முதற்பாலைக் கடைசியில்தான் விடுகிறேன். ஒருநாள் அவளிடமே கேட்டுப் பார்த்தேன். "அங்க பசிக்குது அம்மா" என்றாள். அதற்குமேல் என்ன கேட்பது?

இந்தச் செய்தியை எனக்குச் சொன்னவர் அந்த வீட்டுக்காரிதான். கைபேசியில் குரல் செய்தி அனுப்பியிருந்தார். பின்னால் காற்று இரைந்துகொண்டிருந்தது. "தங்கச்சி, உங்கட பிள்ளை இண்டைக்கு ரெண்டாந்தரமும் சோறு கேட்டுச் சாப்பிட்டவ. நீங்கள் ஒண்டுக்கும் யோசிக்காதேங்கோ, வயிறு நிறைஞ்சுதான் வருவா." நான் யோசிக்கக்கூடாது என்றுதான் அனுப்பியிருக்கிறார். அது எனக்கு விளங்கியது. விளங்கியும், குசினிக்குள் நின்று அதைத் திரும்பத் திரும்பப் போட்டுக் கேட்டேன். அந்தக் குரலில் எங்காவது ஒரு பெருமை ஒளிந்திருக்கிறதா என்று தேடினேன். இருக்கவில்லை. இருந்திருந்தால் எனக்குக் கொஞ்சம் ஆறுதலாக இருந்திருக்கும்.

நாங்கள் பட்டணத்தில், உட்துறைமுக வீதிக்குப் பின்னால் குடியிருக்கிறோம். கணவருக்குத் துறைமுகப் பக்கம் வேலை, பகலும் இரவும் மாறி மாறி வரும். மூத்தவளுக்கு ஒன்பது வயது. சின்னவள் அப்போதுதான் கதிரையைப் பிடித்துப் பிடித்து நடக்கப் பழகியிருந்தாள். மூத்தவளின் வகுப்பாசிரியை ஒருநாள் என்னைக் கூப்பிட்டு, "பிள்ளை கெட்டிக்காரி, ஆனால் மனம் ஓரிடத்தில் நிற்குதில்லை, செஸ் வகுப்புக்கு விட்டுப் பாருங்கோ" என்றார். ஆசிரியர்கள் ஏதாவது சொன்னால் செய்துவிடுவது என் வழக்கம். நான் அப்படித்தான் படித்தேன், அப்படித்தான் வளர்க்கிறேன். அடுத்த சனிக்கிழமையே கொண்டுபோய்ச் சேர்த்தேன்.

அங்கேதான் சல்லியிலிருந்து வரும் ஒரு பிள்ளை அவளுக்குத் தோழியானாள். அந்தப் பிள்ளையின் அம்மா வகுப்புக்குப் பக்கத்தில் இருக்கும் போட்டோப்பிரதிக் கடையில் வேலை செய்கிறார். சனிக்கிழமை அவருக்கு அரைநாள். சின்னவளைத் தூக்கிக்கொண்டு மத்தியான வெயிலில் நான் அலைவதைப் பார்த்துவிட்டு, "தங்கச்சி, உங்கட மூத்தவளையும் என்ர பிள்ளையோட பஸ்ஸில சல்லிக்குக் கூட்டிக்கொண்டு போறன். பின்னேரம் பிள்ளையின்ர அப்பா வந்து ஏத்தட்டும்" என்றார். நான்தான் ஓம் என்றேன். யாரும் என்னிடமிருந்து பிள்ளையைப் பறிக்கவில்லை. இதை எனக்கே அடிக்கடி சொல்லிக்கொள்ள வேண்டியிருக்கிறது.

பின்னேரம் மோட்டார் சைக்கிளில் வந்து இறங்கும்போது அவள் கொஞ்சம் வேறு பிள்ளையாக இருப்பாள். சப்பாத்துக்குள் மணல் இருக்கும். தலைமயிர் இரண்டு பக்கமும் இறுக்கிப் பின்னி, மடித்து, ரிபன் கட்டியிருக்கும். நான் சீப்பை எடுத்தாலே கத்துகிறவள் அங்கே இருந்து பின்னக் கொடுத்திருக்கிறாள். முதலில் அவரை "அன்ரி" என்றாள். சில கிழமைகளில் "பெரியம்மா" ஆகிவிட்டது. கனடாவில் இருக்கும் என் அக்காதான் அவளுக்குப் பெரியம்மா. வீடியோ அழைப்பில் அக்காவுக்கு முன்னால் வெட்கப்பட்டு என் முதுகுக்குப் பின்னால் ஒளிகிறவள், சல்லிப் பெரியம்மாவைப் பற்றி வாய் ஓயாமல் கதைப்பாள்.

நானும் செஸ் படிக்கப் பார்த்தேன். சின்னவளைத் தூங்க வைத்துவிட்டுக் கைபேசியில் ஒரு பாடம் போட்டேன். குதிரை எப்படிப் பாயும் என்ற இடத்தில் நானும் தூங்கிப்போனேன். விடிந்ததும் மகளிடம், "பெரியம்மாவுக்கு இதெல்லாம் நல்லாத் தெரியுமோ?" என்று கேட்டேன். தெரியும் என்று சொன்னால் மனம் சமாதானப்பட்டிருக்கும். "அவக்கு ஒண்டும் தெரியாது அம்மா. பக்கத்தில இருந்து சிரிப்பா. குதிரையை லூசுக் குதிரை எண்டுவா" என்றாள். அப்படியென்றால் அவரிடம் இருப்பது நான் படித்துப் பிடித்துவிடக்கூடிய ஒன்றல்ல.

மாவட்டப் போட்டிக்கு முந்திய கிழமை அது நடந்தது. மகள் என் கைபேசியை எடுத்துக்கொண்டு அலுமாரிக்குப் பக்கத்தில் போய் இருந்து தோழியோடு கதைத்துக்கொண்டிருந்தாள். நான் உடுப்பு மடித்துக்கொண்டு அடுத்த அறையில் நின்றேன். ஒட்டுக்கேட்கவில்லை, கேட்டது. "ஓமடி, நான் எப்பவும் சல்லிதான். எனக்கு வேற ஒண்டும் பிடிக்காது. சத்தியம்."

எனக்கு வேறு ஒன்றும் பிடிக்காது. சத்தியம். ஒரு சட்டையை மடித்தேன், பிரித்தேன், திரும்ப மடித்தேன். பிறகு சின்னவளை இடுப்பில் வைத்துக்கொண்டு போய் அவளுக்கு முன்னால் நின்றேன்.

"இனிச் சல்லி வேண்டாம்" என்றேன்.

அவள் கைபேசியைக் கீழே வைத்தாள். "ஏனம்மா?"

"நான் சொல்லுறன்."

"போட்டி முடியுமட்டுமோ?"

"ஓம். பிறகு பாப்பம்."

"அப்ப நான் என்ன செய்யிறது?"

"அங்கயும் இஞ்சயும் சுத்தப் போகாம முன்னால இருக்கிறதைப் பார்."

"முன்னால இருக்கிறதையோ?"

"ஓம். முன்னால நிக்கிறதை."

முன்னால் நின்றது நான். அதைத்தான் சொன்னேன். அவள் கொஞ்ச நேரம் யோசித்தாள். பிறகு, "சரி அம்மா" என்றாள். அழவில்லை, சண்டை பிடிக்கவில்லை. என்னை ஒரு மாதிரிப் பார்த்தாள். தனக்குச் செஸ் படிப்பிக்கும் சேரைப் பார்ப்பது போன்ற பார்வை. கீழ்ப்படிகிறாள் என்று நினைத்து எனக்குச் சந்தோஷமாக இருந்தது.

கணவரிடம் சொன்னேன். எங்கள் பக்கத்தில் காசுக்கும் சல்லி என்றுதான் சொல்வார்கள். அவர் சப்பாத்தைக் கழற்றிக்கொண்டே, "சல்லி வேண்டாமெண்டு சொல்லுற ஆளை இண்டைக்குத்தான் காணுறன்" என்றார்.

"பகிடி விடாதேங்கோ."

"சரி, விடேல்ல. அந்த மனுசி உமக்கு என்ன செய்தவ?"

"ஒண்டும் செய்யேல்ல."

"அதுதான் பிரச்சினையோ?"

நான் தேத்தண்ணி போடப் போனேன்.

போட்டி பட்டணத்துப் பாடசாலை ஒன்றின் மண்டபத்தில் நடந்தது. பெற்றோர் உள்ளே போகக்கூடாது. வெளியே வேம்புக்குக் கீழே கதிரைகள் போட்டிருந்தார்கள், ஆனால் தாய்மார் யாரும் அவற்றில் உட்காரவில்லை. எல்லோரும் சன்னலோரம்தான் நின்றோம். மைதானத்தில், எங்கள் பட்டணத்தில் ஆடு மாடு போலத் திரியும் மான்கள் சாப்பாடு சுற்றிய கடதாசிகளை மேய்ந்துகொண்டிருந்தன. யாரோ ஒரு தகப்பன் உள்ளே பார்த்துச் செருமினார் என்று ஓர் ஆசிரியர் வந்து ஒரு சன்னலைச் சாத்திவிட்டுப் போனார். அதற்குப் பிறகு மூச்சு விடவே பயந்தோம்.

காலையில் என் மகளும் வென்றாள், சல்லிப் பிள்ளையும் வென்றாள். கடைசிச் சுற்றுக்கு யார் எந்த மேசை என்று வாசித்தபோது இரண்டு பேரும் ஒரே மேசை. அந்த ஆட்டத்தில் வெல்பவள் மாகாணப் போட்டிக்குப் போவாள். மற்றவளுக்கு ஒரு சான்றிதழ் கிடைக்கும்.

சல்லிப் பிள்ளையின் அம்மா அவித்த கடலை கொண்டுவந்திருந்தார். கேட்காமலே என் உள்ளங்கையில் கொஞ்சம் கொட்டினார். "தங்கச்சி, இனி ஆர் வெண்டாலும் எங்கட பிள்ளைதானே" என்றார். அவர் நல்ல மனதோடுதான் சொன்னார். எனக்கு அந்த "எங்கட" கல்லைக் கடித்தது மாதிரி இருந்தது. என் மகள் வெல்ல வேண்டும் என்று காலையிலிருந்து வேண்டிக்கொண்டிருந்தேன். அந்த நிமிடத்திலிருந்து அவருடைய மகள் தோற்க வேண்டும் என்றும் வேண்டினேன். இரண்டும் ஒன்றுதான் என்று நீங்கள் சொல்லலாம். உள்ளே இருந்து பார்த்தால் ஒன்றல்ல.

வெள்ளைக்காய் சல்லிப் பிள்ளைக்கு. அவள் அரசனுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள், மணிக்கூட்டைத் தட்டினாள், கதிரையில் சாய்ந்தாள். அடுத்தது என்ன வரும் என்று தெரிந்தவளைப் போல் கால்களை ஆட்டிக்கொண்டிருந்தாள். என் மகள் கையை நீட்டி, தன் அரசனுக்கு முன்னால் நின்ற சிப்பாயை இரண்டு கட்டம் தள்ளினாள். இரண்டு சிப்பாய்களும் மூக்கோடு மூக்கு முட்டி நின்றன. எனக்கு அதில் ஒன்றும் வித்தியாசமாகத் தெரியவில்லை. ஆனால் சல்லிப் பிள்ளையின் கால் ஆட்டம் நின்றது. அவள் தலையைத் தூக்கி என் மகளைப் பார்த்தாள். என் மகள் பலகையைத்தான் பார்த்துக்கொண்டிருந்தாள்.

"என்னடாப்பா, இவளின்ர முகம் மாறுது" என்றார் பக்கத்தில் நின்ற அவளுடைய அம்மா. பிறகு மெல்ல, "சல்லி வரேல்லப் போல" என்றார்.

"சல்லிக்கு ஆர் வரேல்ல?" என்று கேட்டேன்.

அவர் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். "ஊர் இல்ல, தங்கச்சி. கறுப்புக்காய் வச்சிருக்கிறவை தொடங்கிற ஒரு விதம். சேர் சிசிலியன் எண்டுதான் சொன்னவராம். இவள் வீட்ட வந்து, 'அம்மா, எங்கட ஊர்ப் பேரில ஒரு ஆட்டம் இருக்கு, சல்லியன்' எண்டாள். பேந்து ரெண்டு பேருக்கும் அது சல்லிதான். எங்கட விறாந்தையில நாள் முழுக்க, நான் சல்லி, நீ சல்லி எண்டு ஒரே சத்தம். உங்களுக்குச் சொல்லேல்லயோ?"

சொல்லவில்லை. எனக்கு அவள் சொல்லவில்லை.

நான் சொன்னதையும் அவள் கேட்டதையும் சன்னலோரம் நின்று ஒவ்வொன்றாக எடுத்துப் பார்த்தேன். இனிச் சல்லி வேண்டாம். போட்டி முடியுமட்டுமோ? முன்னால நிக்கிறதை. அவளுக்கு முன்னால் நின்றது ஒரு தாய். அவள் பார்த்தது அரசனுக்கு முன்னால் நிற்கும் சிப்பாயை. மாதக்கணக்காக அவள் பழகிய ஒரே ஆட்டத்தை, அது என்னவென்று கூடத் தெரியாமல், முக்கியமான நாளில் அவளிடமிருந்து பிடுங்கி எடுத்திருந்தேன். உள்ளே ஓடிப்போய், "பிள்ளை, நான் அதைச் சொல்லேல்ல" என்று சொல்ல ஏலாது. சன்னலில் தட்டினால் அவளை ஆட்டத்திலிருந்து எடுத்துவிடுவார்கள். அவள் தோற்றால் அது என் தோல்வி. அது யாருக்கும் தெரியப் போவதுமில்லை.

இரண்டு பேருமே தெரியாத தெருவில் நடப்பது மாதிரி விளையாடினார்கள். சல்லிப் பிள்ளை கன்னத்தில் கை வைத்து நெடுநேரம் யோசித்தாள். பிறகு யோசித்துக் களைத்தவளைப் போல் சட்டென்று ஒரு குதிரையைத் தூக்கிப் பலகையின் நடுவில் வைத்தாள். கையை எடுத்தாள். எடுத்த கை நேரே வாய்க்குப் போனது.

என் மகள் உடனே தொடவில்லை. இரண்டு கைகளையும் தொடைக்குக் கீழே வைத்து அதன் மேலேயே இருந்தாள். அவசரப்படக்கூடாது என்று சேர் பழக்கியது. பிறகு ஒரு கையை எடுத்து, தன் சிப்பாயால் அந்தக் குதிரையை வெட்டினாள்.

"குதிரை போயிட்டுது" என்றார் சல்லிப் பிள்ளையின் அம்மா. "பாவம், அந்த லூசுக் குதிரை."

அந்த நேரத்தில் நான் பலகையைப் பார்க்கவில்லை. அவருடைய முகத்தைத்தான் பார்த்துக்கொண்டிருந்தேன். அது ஒருதரமாவது சுருங்க வேண்டும் என்று காத்திருந்தேன். அவர் கீழுதட்டைக் கடித்தார். பிறகு கடலைப் பையை என் பக்கம் நீட்டி, "இன்னும் கொஞ்சம் எடுங்கோ" என்றார்.

என் மகள் வென்றாள்.

வெளியே ஓடி வந்தவள் சின்னவளையும் சேர்த்து என்னைக் கட்டிப்பிடித்தாள். "நீங்கள் சொன்னதைத்தான் அம்மா செய்தனான். முன்னால நிண்டதைத்தான் தள்ளினனான்." இதை அவள் எல்லோருக்கும் கேட்கத்தான் சொன்னாள். செஸ் சேர் பக்கத்தில் நின்றார். "அம்மாவின்ர யோசனையோ? நல்ல யோசனை. கூடப் பழகின ஆளோட அவை எதிர்பாக்கிறதை விளையாடக்கூடாது" என்றார். சல்லிப் பிள்ளையின் அம்மா என் தோளில் தட்டினார். "தங்கச்சி, செஸ் தெரியாது தெரியாது எண்டு எங்களை நல்லாப் பேக்காட்டிப் போட்டீங்கள்."

ஏமாற்றிவிட்டேன் என்று அவர் சிரித்துக்கொண்டே சொன்னார். நானும் சிரித்தேன். இல்லை என்று ஒரு சொல் சொல்லியிருக்கலாம். எங்களைக் கூட்டிப்போக வந்திருந்த கணவர் என்னைப் பார்த்தார். அவருக்கு விளங்கிவிட்டது. நான் குனிந்து சின்னவளின் மூக்கைத் துடைத்தேன்.

சிரிக்காமல் நின்றது சல்லிப் பிள்ளை மட்டும்தான். கண் சிவந்திருந்தது. என் மகளுக்கு முன்னால் வந்து, "நீ சத்தியம் பண்ணினனீ" என்றாள்.

"அம்மா வேண்டாமெண்டவ."

"சத்தியம் பண்ணிப்போட்டு அம்மாட்டச் சொல்லிக் குடுத்தனீ. இனி எங்கட வீட்ட வராத."

அவள் தாய் அவளை இழுத்து அணைத்துக்கொண்டு, "விசர்க் கதை கதையாத" என்றார். ஆனால் பிள்ளைகள் இரண்டும் அதற்குப் பிறகு முகம் பார்க்கவில்லை.

அந்தக் குதிரை ஏன் அங்கே வந்தது என்று வீட்டில் சாப்பாட்டு மேசையில் பலகையை வைத்து மகள் எனக்குக் காட்டினாள். சல்லி விளையாடும்போது தோழி எப்போதும் குதிரையை அந்த நடுக்கட்டத்தில்தான் கொண்டுபோய் வைப்பாளாம். அந்த நேரத்துக்கு அதை வெட்டக்கூடிய சிப்பாய் வெட்டுப்பட்டுப் போயிருக்குமாம். "இண்டைக்கு என்ர சிப்பாய் அங்கயே நிண்டது. அவ பழக்கத்தில வச்சிட்டா. உங்களுக்கு அது முதலே தெரியும் என்ன அம்மா?" என்று கேட்டாள். "சாப்பிடு" என்றேன்.

இப்போது அவள் சனிக்கிழமைகளில் சல்லிக்குப் போவதில்லை. வகுப்பில் அவர்கள் இருவரும் வேறு வேறு மேசைகளில் இருக்கிறார்கள். நான் விரும்பியது எனக்குக் கிடைத்துவிட்டது. பின்னேரங்களில் பலகையைத் தூக்கிக்கொண்டு என்னைத் தேடி வருகிறாள். ஒரு காயை நகர்த்திவிட்டு, "இது சரியோ அம்மா?" என்று கேட்கிறாள். நான் கொஞ்ச நேரம் நெற்றியைச் சுருக்கிப் பார்த்துவிட்டு, "இன்னொருக்கா யோசிச்சுப் பார்" என்கிறேன். அது எந்த நகர்த்தலுக்கும் பொருந்துகிறது. கைபேசிப் பாடத்தில் குதிரையைத் தாண்டிக் கோட்டை கட்டுவது வரை வந்துவிட்டேன். ஆனால் அவள் என்னில் வைத்திருக்கும் நம்பிக்கை அதைவிட எவ்வளவோ தூரம் போய்விட்டது. வகுப்பில் மற்றப் பிள்ளைகளிடம், "என்ர அம்மா சொன்னா வெல்லலாம்" என்கிறாளாம்.

போன கிழமை சல்லியிலிருந்து ஒரு குரல் செய்தி வந்தது. "தங்கச்சி, பிள்ளையளின்ர கோவத்தை நாங்கள் தூக்கிப் பிடிக்கக்கூடாது. இவள் வெளியில முறுக்கிக்கொண்டு திரியிறாள், ஆனா உள்ளுக்க தேடுறாள். சனிக்கிழமை அனுப்பிவிடுங்கோ. நீங்களும் ஒருக்கா வாங்கோவன். அந்தத் துவக்கத்தை இவளுக்கும் ஒருக்காச் சொல்லிக் குடுங்கோ."

என் மகளால் அவருடைய மகள் மாகாணப் போட்டியை இழந்துவிட்டு நிற்கிறாள். அதற்குப் பிறகும் இந்த மனுசிக்கு என்மேல் பொறாமை வரவில்லை. அதற்கும் சேர்த்து நான் அவர்மேல் பொறாமைப்படுகிறேன். எப்படி ஒருவரால் அப்படி இருக்க ஏலும் என்று இரவு பகலாக யோசிக்கிறேன். நான் இன்னும் பதில் அனுப்பவில்லை.

மாகாணப் போட்டி நெருங்குகிறது. நேற்று மகள் கேட்டாள்: "மாகாணத்தில கறுப்பு வந்தா சல்லியோ, முன்னால நிக்கிறதோ? நீங்கள் சொல்லுறதைத்தான் விளையாடுவன்."

"சேரிட்டக் கேள்" என்றேன்.

"கேட்டனான். அம்மாட்டையும் ஒருக்காக் கேள் எண்டவர்."

இதை வாசிக்கிறவர்களில் பிள்ளை வளர்த்தவர்கள் இருப்பீர்கள். உங்களிடம்தான் கேட்கிறேன். நான் செஸ்ஸைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை, நீ பிழையாக விளங்கிக்கொண்டாய் என்று மட்டும் சொன்னால் போதுமா? போதாது என்றுதான் எனக்குப் படுகிறது. சொன்ன உடனே அவள், "அப்ப ஏன் சல்லி வேண்டாமெண்டனீங்கள்?" என்று கேட்பாள். அவள் கேட்காவிட்டாலும், என் மகள் தனக்குத் துரோகம் செய்தாள் என்று நம்பிக்கொண்டு இன்னொரு பிள்ளை சல்லியில் இருக்கிறாள். சொல்லாமல் விட்டால் என் மகள் என்னை நம்பி மாகாணத்துக்குப் போவாள். சொன்னால் அவள் திரும்பச் சல்லிக்குப் போவாள், என்னிடம் பலகையைத் தூக்கிக்கொண்டு வரமாட்டாள். இரண்டில் எது அவளுக்கு நல்லது என்று யோசிக்கத் தொடங்கினால், எது எனக்கு நல்லது என்பதில்தான் வந்து நிற்கிறேன்.

தன்னை அன்பாகப் பார்த்துக்கொண்ட ஒரு பெண்மேல் தன் தாய்க்குப் பொறாமை வந்தது என்பதை ஒன்பது வயதுப் பிள்ளைக்கு எந்தச் சொற்களில் சொல்வது? முதலில் யாரிடம் சொல்ல வேண்டும், என் மகளிடமா, அந்தப் பிள்ளையிடமா, அவளுடைய அம்மாவிடமா? உங்களில் யாராவது இப்படி ஒன்றைச் சொல்லிப் பார்த்திருந்தால், என்ன சொன்னீர்கள், பிள்ளை என்ன கேட்டது என்று தயவுசெய்து எனக்கு எழுதுங்கள்.